தேக்குத் தூள்

ஆறிப்போன எஞ்சினைத்தான் முதலில் கேட்க வேண்டும்.
அதற்காகவே விடியலில் போய்
பானெட்டில் உள்ளங்கை வைத்தேன். சூடு.
"இப்பத்தான் மொஹிங்கா வாங்கப் போய்ட்டு வந்தேன்" என்றார்
அடையாள அட்டையில் தான் டுன்னாகவும்
வீட்டில் குழந்தைவேலுவாகவும் இருப்பவர்.
ஆறும்வரை வாசலில் குந்தியிருந்தோம்,
நானும், வாங்கப்போகிற சந்தானமேரியும்.
அவளுக்கு மௌலமைனிலிருந்து முடோனுக்குக் கருவாடு ஏற்ற வேண்டும்.
இது தொண்ணூற்றொன்றாம் வருஷத்து கொரோலா வேகன்.
பின்கண்ணாடியில் ஜப்பானில் யாரோ ஒட்டிய மீன் படம்.
சகுனம் நல்லது என்று அவள் சிரித்தாள்.

சாவி திருப்பியதும் டக் டக் டக்.
நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை வால்வு மூடியில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் அழுத்தினேன்.
டேப்பட். சூடேறினால் அடங்கும். அடங்கியது.
தண்ணீர்ப் பம்ப்பில் ஒரு முனகல்,
நாலு சொட்டு நீர் தெளித்தால் நிற்கிற பெல்ட்டின் கிறீச்.
இந்த எஞ்சின் எதையும் மறைக்கவில்லை.
கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது,
கேட்காததற்கும்.

கியர்பாக்ஸ்தான் வாயே திறக்கவில்லை.
நியூட்ரலில் கிளட்சை மிதித்தேன், விட்டேன், மிதித்தேன்.
விடும்போது ஒரு பேரிங்காவது இழுத்து முனக வேண்டும்,
இத்தனை வயசில்.
பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி இருந்தது.

ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம்.
எங்கள் நாட்டில் சாலையின் வலப்பக்கம் போக வேண்டும்,
ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்.
முன்னால் லாரி போனால் எதிரே வருவது எனக்குத் தெரியாது,
இடப்பக்கம் இருப்பவர் சொல்லித்தான் தாண்ட வேண்டும்.
குழந்தைவேலு தலையை வெளியே நீட்டி
"இருங்க, இருங்க, இப்ப போகலாம்" என்பார்.
போனேன். ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது.

பகோடா ஏற்றத்தில் மூன்றாவது கியர் போட்டபோது
அவர் ரேடியோவைக் கூட்டினார்.
நான் அணைத்தேன்.
லீவர் கஞ்சிக்குள் அகப்பை போல நகர்ந்தது.
"நல்லாத்தானே இருக்கு" என்றாள் சந்தானமேரி பின்சீட்டிலிருந்து.
"அதுதான்" என்றேன்.

ஆற்றோரம் நிறுத்தி, ஜாக்கி கொடுத்து, அட்டை விரித்துப் படுத்தேன்.
முப்பது வருஷத்துத் துரு, சேறு.
ஒரே ஒரு போல்ட்டின் தலை மட்டும் பளபளவென்று,
போன வாரத்து ஸ்பானர் கடித்த தடம்.
இருபத்துநாலாம் நம்பர் போட்டுத் திறந்தேன்.
ஆயில் ஒழுகவில்லை,
கட்டிகட்டியாக இறங்கியது.
விரலிடுக்கில் தேய்த்தேன். நார்.
முகர்ந்தேன்.
கருகிய வாடைக்கு அடியில், மழையில் நனைந்த மரவாடி.
தேக்கு.

எந்த மில்லில் வேலை என்று நான் கேட்கவில்லை.
அவர் சட்டைப்பையின் தையலிலேயே அந்தப் பொடி இருந்தது.
"எத்தனை நாள் தாங்கும்னு நெனைச்சீங்க?"
"பணம் கைக்கு வர்ற வரைக்கும்."
பிறகு, கேட்காமலே, பையனைப் பற்றிச் சொன்னார்.
பத்தொன்பது வயசு.
எல்லையில் ஆள் காத்திருக்கிறான், செவ்வாய்க்கிழமை வரைதான்.

சந்தானமேரி என்னைப் பார்த்து,
"பழைய பாக்ஸ் ஒண்ணு யாங்கூன்ல என்ன விலை?" என்றாள்.
சொன்னேன். உதடு அசையக் கழித்துக்கொண்டிருந்தாள்,
எதிலிருந்து எதை என்று தெரியவில்லை.

கழுவி, புது ஆயில் ஊற்றித் திரும்பினோம்.
மூன்றாவதில் அது கத்தியது,
ரம்பம் கணுவில் இறங்குகிற கத்தல்.
பேச்சே கேட்கவில்லை. யாரும் பேசவுமில்லை.
ஸ்ட்ராண்டு ரோட்டில் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று வழி விடாமல் போனது.
குழந்தைவேலு தலையை வெளியே நீட்டினார்.
காற்றில் கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.
"ஒண்ணும் வரல. போங்க!" என்று கத்தினார்.

போனேன்.
ஒன்றும் வரவில்லை.